கண்ணைக் கட்டியவர் அறையை விட்டுப் போகக் கூடாது

வாசகர் கேள்வி

வணக்கம் மேடம். எனக்கு 34 வயது. திருமணமாகி ஆறு வருடம் ஆகிறது. சிங்கப்பூரில் செங்காங் பகுதியில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். கண்ணையும் காதையும் மூடிக்கொண்டு, அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் என்னைக் கணவர் கையில் ஒப்படைக்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. இது பிடிஎஸ்எம் (கட்டுவது, கட்டுப்படுத்துவது, கட்டுப்படுவது போன்றவற்றைச் சம்மதத்தோடு செய்யும்) உறவுமுறைகளில் ஒரு வகை என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆசை என்னுடையது, அவர் எனக்காக ஒப்புக்கொண்டார். போன மாதம் முயன்றோம். துப்பட்டாவால் கண்ணைக் கட்டி, ஹெட்போனில் மழைச் சத்தம் போட்டு, இன்னொரு துப்பட்டாவால் கைகளையும் லேசாகக் கட்டினார். தொடக்கம் நன்றாகவே இருந்தது. நடுவில் மாமியார் கூப்பிட்டதால் அவர் வெளியே போயிருக்கிறார். பத்தே நிமிடம் என்கிறார். எனக்கு ஒரு மணி நேரம் போல இருந்தது. மூச்சு முட்டியது. வேறு யாரோ அறையில் நிற்பது போலத் தோன்றியது. அழுதுவிட்டேன். நிறுத்துவதற்கு ஒரு சொல் வைத்திருந்தோம். நானே கேட்டுவிட்டு நானே நிறுத்தினால் அவர் என்ன நினைப்பாரோ என்று சொல்லாமல் இருந்துவிட்டேன். இப்போது அவர் இந்தப் பேச்சை எடுத்தாலே விலகிப் போகிறார். எனக்கோ அந்த ஆசை இன்னும் போகவில்லை. சிறு வயதிலிருந்து ஆஸ்துமாவும் உண்டு. என் மனதில் ஏதாவது கோளாறா? இதைப் பாதுகாப்பாகச் செய்ய வழி இருக்கிறதா? எங்கள் வீட்டு பாம் ஷெல்டர் (வீட்டுக்குள்ளேயே இருக்கும் குண்டுப் பாதுகாப்பு அறை) கிட்டத்தட்டக் காலியாக இருக்கிறது. இருட்டு, சத்தமும் வெளியே போகாது. அங்கே செய்யலாமா?

ஆலோசகர் பதில்

அன்புள்ள வாசகிக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் வேகமாகக் கடந்துபோன ஒரு வரியில் நான் நின்றுவிட்டேன். நிறுத்தும் சொல்லைச் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று உங்களையே குறை சொல்லிக்கொள்கிறீர்கள். ஆனால் சொல்லியிருந்தாலும் அதைக் கேட்க அந்த அறையில் யாரும் இல்லை. கண் மூடியிருந்தது, காது மூடியிருந்தது, கை கட்டியிருந்தது. அவர் போனது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் அழுதது அவருக்குத் தெரியாது. அன்று நடந்தவற்றில் உண்மையிலேயே ஆபத்தானது இதுதான். துப்பட்டாவையும் ஹெட்போனையும் பற்றிப் பிறகு பேசலாம்.

ஒருவருடைய புலன்களை மூடும்போது அந்தப் புலன்களின் வேலை மற்றவர் மேல் விழுகிறது. நீங்கள் பார்க்க முடியாததை அவர் பார்க்க வேண்டும், நீங்கள் கேட்க முடியாததை அவர் கேட்க வேண்டும். கதவு தட்டப்பட்டால், புகை வாசனை வந்தால், உங்கள் விரல் நிறம் மாறினால், கவனிக்க வேண்டியவர் அவர் ஒருவரே. அதனால் கட்டியவர் கைக்கெட்டும் தூரத்தை விட்டு நகரக் கூடாது. அம்மா கூப்பிட்டால், முதலில் உங்கள் காதைத் திறந்து, கண்ணைத் திறந்து, கையை அவிழ்த்து, “அம்மா கூப்பிடுகிறார்கள், போய்விட்டு வருகிறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். போன் அடித்தாலும், கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தாலும் இதே முறைதான். ‘இரண்டே நிமிடம்’ என்ற சலுகை இதில் கிடையாது.

உங்கள் கணவர் கெட்ட எண்ணத்தில் போகவில்லை என்பது தெளிவு. அந்தப் பத்து நிமிடம் உங்களுக்குள் எப்படிப் போகும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அதை அவரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

வெளியிலிருந்து வரும் தகவல் குறைந்தால் மூளை சும்மா இருப்பதில்லை. அது தானாகவே எதையாவது உருவாக்கிக்கொள்ளத் தொடங்குகிறது. 1950களின் தொடக்கத்தில் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஹெப் என்ற உளவியலாளரின் குழு, மாணவர்களுக்கு நாளுக்கு 20 டாலர் கொடுத்து ஒரு சிறிய அறையில் படுக்க வைத்தது. வெளிச்சம் தெரியும், ஆனால் உருவம் எதுவும் தெரியாத கண்ணாடி, கைகளுக்கு உறை, காதில் விழுவது ஒரே சீரான இரைச்சல். சும்மா படுத்திருக்கப் பணம். அப்படியிருந்தும் பெரும்பாலோர் இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் தாங்கவில்லை. பலருக்கு இல்லாத உருவங்கள் தெரிந்தன. அது நாள்கணக்கில் நடந்த சோதனை. உங்களுடையது பத்து நிமிடம்தானே என்று தோன்றலாம். 2009இல் வெளியான ஒரு லண்டன் ஆய்வில், இருட்டான, ஓசை அடங்கிய அறையில் 15 நிமிடம் இருந்தவர்களிடமே இப்படிப்பட்ட புலன் குழப்பங்கள் தெரிந்தன. இயல்பாகவே அந்தப் போக்கு உள்ளவர்களிடம் இன்னும் கூடுதலாக. ஆகவே யாரோ நிற்பது போல உங்களுக்குத் தோன்றியதை வைத்து மட்டும் பயந்துவிடாதீர்கள். நேரம் நீண்டதாகத் தெரிந்ததும் அப்படித்தான். நேரத்தை அளக்க நமக்கு வெளியிலிருந்து ஏதாவது அடையாளம் வேண்டும். மழைச் சத்தம் மாறாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

“என் மனதில் கோளாறா” என்ற கேள்விக்குச் சுருக்கமான பதில்: இந்த ஆசையை மட்டும் வைத்துச் சொன்னால், இல்லை. மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேட்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு, வழக்கத்துக்கு மாறான பாலியல் விருப்பம் வேறு, நோய் வேறு என்று பிரித்துவிட்டது. அந்த விருப்பம் ஒருவருக்குத் தீராத மனவேதனை தந்தால், அல்லது சம்மதிக்காதவர் மேல் திணிக்கப்பட்டால் மட்டுமே அது நோய்ப் பட்டியலுக்குள் வருகிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும், சம்மதத்தோடு நடக்கும் இப்படிப்பட்ட உறவுகளை நோய் என்று சொல்வதை விட்டுவிட்டது. கடிதத்தை எத்தனை முறை அழித்து எழுதினீர்களோ தெரியாது. இந்தக் கூச்சத்தை நான் வேலை செய்யும் அறையில் அடிக்கடி பார்க்கிறேன். நம் வீடுகளில் தாம்பத்தியம் பற்றிய பேச்சே குறைவு, அதிலும் ஒரு பெண் தன் ஆசை என்று வாய் திறப்பது அதைவிடக் குறைவு. நீங்கள் எழுதியது நல்லதுதான்.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது. 1971இல் வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் பாதுகாப்புப் படையினர் கைதிகளின் தலையில் உறை மாட்டி, இடைவிடாத இரைச்சலுக்குள் வைத்து, சுவரைப் பார்த்து நிற்க வைத்து, தூக்கமும் உணவும் மறுத்து விசாரித்தார்கள். அது மனிதத்தன்மையற்ற, இழிவான நடத்தை என்று 1978இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கண்ணை மறைப்பதும் காதில் இரைச்சல் போடுவதும் இங்கேயும் இருக்கிறது, அங்கேயும் இருந்தது. அங்கே போதும் என்று சொல்ல வழியில்லை, சொன்னாலும் நிறுத்த ஆளில்லை. உங்கள் படுக்கையறையில் நடப்பது அதிலிருந்து வேறாக இருப்பது, நினைத்த நொடியில் நீங்கள் நிறுத்த முடியும் என்பதால்தான். அந்த வழி ஒரு நிமிடம் அடைபட்டாலும், சம்மதம் முன்பே கொடுத்தாயிற்றே என்று சொல்லிச் சமாளிக்க முடியாது. எனவே நிறுத்தும் வழியைப் பற்றித்தான் நான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன்.

ஒரே ஒரு சொல் போதாது. பழக்கமுள்ளவர்கள் பலர் போக்குவரத்து விளக்கின் நிறங்களைப் பயன்படுத்துவார்கள்: பச்சை என்றால் நன்றாக இருக்கிறேன், மஞ்சள் என்றால் ஏதோ சரியில்லை, குறை, கேள், சிவப்பு என்றால் எல்லாவற்றையும் உடனே அவிழ். மஞ்சள் இருப்பது உங்களைப் போன்றவர்களுக்கு மிகவும் உதவும். நிறுத்தினால் அவர் மனம் வருந்துமோ என்று தயங்குபவர்கள் சிவப்பைச் சொல்ல மாட்டார்கள், மஞ்சளைச் சொல்லிவிடுவார்கள். அப்புறம், பயம் அதிகமானால் சிலருக்குப் பேச்சே வராது. அதற்காகக் கையில் ஒரு சாவிக்கொத்தைப் பிடித்திருங்கள். விட்டால் தரையில் விழும் சத்தம் அவருக்குக் கேட்கும். சத்தத்தில் அத்தை எழுந்துவிடுவார் என்ற கவலை இருந்தால், ஒரு சிறிய பந்து போதும், கணவர் பார்த்துக்கொண்டிருக்கும்வரை. கை தளர்ந்து தானாக விழுந்தாலும் நிறுத்த வேண்டியதுதான். தவறுதலாக நிறுத்துவதால் ஒரு நஷ்டமும் இல்லை.

அவர் பக்கத்திலிருந்தும் ஒரு கேள்வி போய்க்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை உங்கள் கையை அவர் இரண்டு முறை அழுத்தட்டும். நீங்கள் பதிலுக்கு இரண்டு முறை அழுத்துங்கள். பதில் வரவில்லை என்றால் இன்னொரு முறை முயற்சி செய்வார். அப்போதும் வரவில்லை என்றால் அவிழ்த்துவிடுவார். “ரசித்துக்கொண்டிருப்பாள், தொந்தரவு செய்ய வேண்டாம்” என்று அவர் முடிவு செய்யக் கூடாது. உடல் அசையாமல் உறைந்து போவது பயத்தின் அடையாளமாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் அமைதி போலவே தெரியும்.

முதல் தடவை, எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே, வேண்டுமென்றே “சிவப்பு” என்று சொல்லிப் பாருங்கள். அவர் உடனே அவிழ்க்க வேண்டும், முகம் சுளிக்காமல், ஏன் என்று கேட்காமல். பிறகு அந்த இடத்திலேயே அன்றைய முயற்சியை முடித்துவிடுங்கள். அந்தச் சொல் வேலை செய்கிறது என்று உங்கள் உடலுக்குத் தெரிய வேண்டும். போன மாதம் உங்கள் உடல் அதற்கு நேர்மாறானதைக் கற்றுக்கொண்டுவிட்டது.

இனி ஆஸ்துமா. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசப் போகிறேன். மூக்கையும் வாயையும் எதுவும் மறைக்கக் கூடாது. தலை முழுவதும் மூடும் உறை, வாயில் துணி அடைப்பது, முகத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக், கழுத்தில் அழுத்தம், எதுவும் வேண்டாம். ஆஸ்துமா இல்லாதவர்களுக்கும் இதையே சொல்வேன். மூச்சோடும் கழுத்தோடும் விளையாடப் பாதுகாப்பான முறை என்று ஒன்று கிடையாது. எத்தனை சொற்களும் சைகைகளும் வைத்திருந்தாலும், நினைவு தப்புவது அவற்றை விட வேகமாக நடந்துவிடும். உங்கள் இன்ஹேலர் கட்டிலின் மேலேயே இருக்கட்டும், கைப்பைக்குள் வேண்டாம். அது எங்கே இருக்கிறது, எப்படிக் கொடுப்பது என்று அவருக்குத் தெரிய வேண்டும். பயத்தால் மூச்சு முட்டுவதும் ஆஸ்துமாவால் மூச்சு முட்டுவதும் முதல் சில நிமிடங்களில் ஒன்று போலவே தெரியும். அவரால் பிரித்துச் சொல்ல முடியாது, பல சமயம் உங்களாலேயே முடியாது. ஆகவே ஆஸ்துமா என்றே எடுத்துக்கொள்ளுங்கள்: எல்லாவற்றையும் அவிழ்த்து, நிமிர்ந்து உட்கார வைத்து, மருத்துவர் சொல்லியிருக்கும் அளவில் இன்ஹேலர். குறையவில்லை என்றால் 995க்கு அழைத்து ஆம்புலன்ஸ். சமீபத்தில் இரவில் இருமலோ இழுப்போ இருந்தால், பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பார்த்துக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு மற்றதை யோசிக்கலாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வலிப்பு நோய், அடிக்கடி வரும் பீதித் தாக்குதல், முன்பு எப்போதோ இல்லாத குரல் கேட்டது போன்ற மனநலப் பாதிப்பு, குழந்தைப் பருவத்தில் பூட்டி வைக்கப்பட்டது அல்லது தாக்கப்பட்டது போன்ற நினைவுகள், இவற்றில் ஏதாவது இருந்தால் முதலில் மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ பேசுங்கள். நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் இதில் இறங்க வேண்டாம். சர்க்கரை இறங்கும்போது வரும் நடுக்கத்தையும் வியர்வையையும் பரவசம் என்று துணைவர் தவறாக எடுத்துக்கொள்ளலாம். மது அருந்திய இரவு இதற்கானது இல்லை. இருவரில் யார் குடித்திருந்தாலும்.

கண்ணுக்குத் துப்பட்டா வேண்டாம் என்பேன். முடிச்சு எங்கே விழுகிறது, எவ்வளவு இறுகுகிறது என்பது ஒவ்வொரு தடவையும் மாறும். கண்விழியின் மேல் அழுத்தம் விழுந்தால் இதயத் துடிப்பு குறையலாம், சிலருக்குத் தலைசுற்றும். விமானத்தில் தூங்கப் போட்டுக்கொள்வார்களே, அந்த மாதிரி மென்மையான கண்மறைப்பு போதும், கண்ணுக்கு நேரே குழிவாக இருக்கும் வகை இன்னும் நல்லது. ஒரே இழுப்பில் கழன்றுவிடும். காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். கண் அழுத்த நோய் உள்ளவர்களும், சமீபத்தில் லேசிக் அல்லது வேறு கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் கண் மருத்துவரைக் கேட்காமல் எதையும் கட்டக் கூடாது.

கண்ணை மூடிக்கொண்டு நிற்கவோ நடக்கவோ கூடாது. உடல் நிலைதடுமாறாமல் நிற்பதில் கண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு, அது இல்லாதபோது சிறிய தள்ளாட்டமும் விழுகையாக மாறும். நம் வீட்டுத் தரைக்கற்கள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்கே தெரியும். கட்டிலில் உட்கார்ந்தோ சாய்ந்தோ இருங்கள்.

காது விஷயத்தில் ஹெட்போனின் ஒலியளவைக் குறைவாக வையுங்கள், பேச்சுச் சத்தத்தை விட மெல்லியதாக. மருந்துக்கடையில் விற்கும் நுரைக் காதடைப்பான்கள் சரியாகப் பொருந்தினால் 30 டெசிபெல் அளவுக்குச் சத்தத்தைக் குறைக்கும். மழைச் சத்தத்தை விட எனக்கு அவை மேல் என்று படுகிறது, ஏனென்றால் அவர் பக்கத்தில் பேசினால் மங்கலாகவாவது கேட்கும். எதுவானாலும், கண்ணும் காதும் ஒரே நாளில் வேண்டாம். சில தடவை கண் மட்டும். அது உங்கள் இருவருக்கும் சலிக்கும் அளவுக்குச் சாதாரணமான பிறகு, கண் திறந்திருக்கக் காது மட்டும். அதற்கும் பிறகுதான் இரண்டும் சேர்ந்து, அதுவும் ஐந்து நிமிடத்துக்கு.

கைகளைக் கட்டுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், ‘லேசாக’ என்று. கண்ணும் காதும் மூடியிருக்கும்போது கை சுதந்திரமாக இருக்கட்டும். கண்மறைப்பைத் தானே கழற்ற முடியும் என்ற நிலை இருந்தாலே பாதிப் பயம் குறைந்துவிடும். பின்னொரு காலத்தில் கட்டுவதாக இருந்தால், துப்பட்டாவின் மெல்லிய துணி இழுக்க இழுக்க இறுகி, நரம்பை அழுத்தும். மணிக்கட்டிலும் மேல்கையிலும் நரம்புகள் தோலுக்கு அருகிலேயே ஓடுகின்றன. அழுத்தம் நீடித்தால் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் வாரக்கணக்கில் தொங்கிப் போகலாம். அகலமான பட்டை, அதற்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளி, பக்கத்தில் முனை மழுங்கிய கத்தரிக்கோல். விரலில் மரத்துப்போன உணர்வோ குளிர்ச்சியோ தெரிந்தால் அந்த நொடியே அவிழ்க்க வேண்டும். கையைப் பின்னால் கட்டிக் குப்புறப் படுக்க வைப்பது கூடவே கூடாது. நெஞ்சு விரிய இடமில்லாமல் போகும். ஆஸ்துமாக்காரருக்கு அது இன்னும் மோசம்.

பாம் ஷெல்டருக்கு வருகிறேன். இந்தக் கேள்வி எனக்கு ஆச்சரியம் தரவில்லை. மாமியார் அடுத்த அறையில், சுவரோ மெல்லியது, வீட்டுக்குள் சத்தம் வராத ஒரே இடம் அதுதான். 1990களின் கடைசியிலிருந்து கட்டப்படும் வீவக வீடுகளில் தடித்த கான்கிரீட் சுவரும் எஃகுக் கதவுமாக அதை வைத்திருப்பது, போர்க்காலத்தில் குண்டுத் துண்டுகளிலிருந்து குடும்பத்தைக் காக்க. உங்கள் தேவைக்கு அதன் ஒவ்வொரு பலமும் ஒரு ஆபத்து. கதவைச் சாத்தினால் காற்று அந்தச் சிறிய துவாரங்கள் வழியாகத்தான் வர வேண்டும். அவை மூடியிருக்கிறதா, முன்னால் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறதா என்று நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? ஏர்கான் இல்லாத இறுக்கமான சூடு, மூலையில் தூசி, இரண்டும் உங்கள் மூச்சுக்குழலுக்கு எதிரி. உள்ளே போன் சிக்னல் கிடைக்காமல் போகலாம். உங்கள் கணவருக்கே மயக்கம் வந்தால், வெளியே இருப்பவர்களுக்கு உங்கள் கூச்சல் கேட்காது. நெருப்பு அலாரம் உங்களுக்குக் கேட்காது. வேண்டாம்.

படுக்கையறையே போதும். கதவைத் தாழிடுங்கள், ஆனால் சாவி போட்டுப் பூட்ட வேண்டாம். ஏர்கானை மிகவும் குறைக்காதீர்கள். அசையாமல் கிடப்பவருக்குச் சீக்கிரம் குளிரும். தனிமைக்கு, அத்தை கோயிலுக்கோ மகள் வீட்டுக்கோ போகும் ஒரு மதியத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அன்று மாதிரி நடுவில் கூப்பிடவும் மாட்டார். ஏதாவது ஆகி ஆம்புலன்ஸ் வந்தால் நடந்ததை அவர்களிடம் அப்படியே சொல்லிவிடுங்கள். எவ்வளவு நேரம் கட்டியிருந்தது, எப்போது மூச்சுத் திணறியது என்பதெல்லாம் சிகிச்சைக்கு வேண்டிய தகவல். கூச்சத்தில் மறைத்தால் நேரம்தான் வீணாகும்.

முடிக்கும்போதும் அவசரம் வேண்டாம். அறை விளக்கை மங்கலாக்கிவிட்டு, முதலில் காது, பிறகு அவர் குரல், பிறகு கண். இருட்டுக்குப் பழகிய கண்ணில் குழல்விளக்கு பட்டால் வலிக்கும். தண்ணீர் குடியுங்கள், போர்வையைப் போர்த்திக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரம் அவர் மேல் சாய்ந்திருங்கள். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ காரணமில்லாமல் அழுகை வருவது சிலருக்கு உண்டு. கட்டியவருக்கும் வரலாம். அந்த இரண்டு நாளில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மனைவி என்பதால் சம்மதம் தேவையில்லை என்ற பழைய விலக்கு சிங்கப்பூரில் 2020 ஜனவரி 1 முதல் இல்லை. பயத்தால் கொடுத்த சம்மதம் தண்டனைச் சட்டத்தின்படி சம்மதம் ஆகாது. கடுமையான காயம் ஏற்படுத்திவிட்டு “அவளே ஒப்புக்கொண்டாள்” என்று சொல்லவும் முடியாது. கண் கட்டியிருக்கும்போது படமோ வீடியோவோ எடுக்கும் பேச்சே வேண்டாம். பார்க்க முடியாதவரிடம் அதற்குச் சம்மதம் கேட்பதிலேயே சிக்கல் இருக்கிறது. அனுமதி இல்லாமல் எடுப்பதும் பரப்புவதும் குற்றம். உங்கள் வீட்டில் இந்தப் பிரச்சினை இல்லை என்று தெரிகிறது. ஆனால் இதைப் படிக்கும் யாருக்காவது கண்கட்டு என்பது மிரட்டலின் இன்னொரு பெயராக இருந்தால், நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாதவரோடு வாழ்ந்துகொண்டிருந்தால், 1800-777-0000 என்ற தேசிய வன்முறைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள். உடனடி ஆபத்து என்றால் காவல்துறைக்கு 999.

கடைசியாக உங்கள் கணவர். இதுவரை எழுதிய எல்லாமே அவர் மீண்டும் ஒப்புக்கொண்டால்தான். அவர் விலகிப் போவதைக் கோபம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கலாம். எனக்கு அது பயமாகத் தெரிகிறது. திரும்பி வந்து பார்த்தபோது, தான் கட்டிய கட்டுக்குள் மனைவி அழுதுகொண்டிருந்தாள். அதை அவர் யாரிடம் சொல்லியிருப்பார்? நண்பரிடம் சொல்ல முடியாது, அம்மாவிடம் சொல்ல முடியாது, உங்களிடம் சொன்னால் நீங்கள் மறுபடியும் கேட்பீர்கள். முதலில் அவர் அன்று எதைப் பார்த்தார், என்ன நினைத்தார் என்று கேளுங்கள். கேட்கும்போது உங்கள் ஆசையை அந்தப் பேச்சில் சேர்க்காதீர்கள். பிறகு, நீங்கள் நிறுத்தும் சொல்லை ஏன் சொல்லவில்லை என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். அது அவருக்குத் தெரியாமல் இருந்தால், உங்கள் மௌனத்தை நம்பி அவர் இன்னொரு தடவை ஏமாறுவார்.

அவர் “வேண்டாம்” என்றால் அது வேண்டாம்தான். சம்மதம் கட்டப்படுபவருக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். கட்டுபவருக்கும் மறுக்கும் உரிமை அதே அளவு உண்டு. கண்ணீர் விட்டோ, மற்றவர்களோடு ஒப்பிட்டோ அவரை வளைக்கப் பார்க்காதீர்கள். விருப்பமில்லாமல் செய்பவருடைய கவனம் அறையில் இருக்காது, அந்த நிலையில் உங்கள் பாதுகாப்புக்கு இடமில்லை. “இப்போதைக்கு வேண்டாம், ஆனால் சின்னதாக ஏதாவது” என்று அவர் சொன்னால், அறை விளக்கு எரியட்டும், எதையும் கட்ட வேண்டாம். நீங்களாகவே கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அவர் உங்கள் உள்ளங்கையில் விரலால் எழுதட்டும், நீங்கள் என்ன எழுத்து என்று சொல்லுங்கள். எப்போது வேண்டுமானாலும் கண்ணைத் திறக்கலாம். ஒரு மாதம் அதோடு நிற்கலாம். அதற்குள் அந்தப் பத்து நிமிடங்கள் உங்கள் தூக்கத்தில் வந்துகொண்டிருந்தாலோ, இருட்டில் தனியாக இருக்க முடியாமல் போனாலோ, முயற்சியைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு ஆலோசகரைப் பாருங்கள். பலதுறை மருந்தகத்திலேயே பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். இருவரும் சேர்ந்தே போகலாம்.